முதுமைக்கு மருந்தில்லை, அரிப்புக்கு உண்டு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் இல்லங்களில் முதியவர் ஒருவர் உடம்பைச் சொறிந்தபடியே இரவைக் கழிப்பதைப் பார்க்கிறோம். "வயதானால் அப்படித்தான்" என்று ஒரு சொல் சொல்கிறோம். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. வாப்பாவும் அதை நம்பிவிடுகிறார், உம்மாவும் நம்பிவிடுகிறார். அதன்பின் அவர்கள் நம்மிடம் சொல்வதையே நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

கிராமப்புற அரபிகள் சிலர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவினார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபியவர்கள், அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி வைக்கவில்லை என்றும், முதுமை ஒன்று மட்டுமே அதற்கு விலக்கு என்றும் விளக்கினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. முதுமை வேறு, நோய் வேறு என்னும் தெளிவு இதில் இருக்கிறது. முதுமைக்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் முதியவருக்கு வந்த நோயை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டுக் கைகட்டி இருப்பதற்கும் நமக்கு அனுமதியில்லை. இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் தோல். நம் வீடுகளில் அது மிகுதியாகக் குழப்பப்படும் இடமும் அதுவே.

எது முதுமை?

வயது அறுபதைக் கடக்கும்போது தோலின் மேலடுக்கு மெலிகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் தளர்கின்றன. தோலுக்கடியில் மெத்தைபோல் இருந்த கொழுப்பு குறைகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாங்கி நிற்கும் நார்கள் நலிகின்றன. காயம் ஆற இளமையில் எடுத்ததைவிடக் கூடுதல் நாள் பிடிக்கிறது. பலவீனத்திலிருந்து பலத்தையும், பலத்திற்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் படைத்தவன் தானே என்று அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். நம் பெற்றோரின் கைகளைப் பார்த்தாலே அது விளங்கும்.

புறங்கையில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள், முதுகிலும் மார்பிலும் மெழுகை ஒட்டி வைத்தாற்போல் எழும் கருந்தடிப்புகள், கழுத்தில் தொங்கும் சிறு மருக்கள், குன்றிமணியினும் சிறிய சிவப்புப் பொட்டுகள், முழங்காலுக்குக் கீழே அரிசியளவில் தெறித்த வெண்புள்ளிகள் ஆகியன பெரும்பாலும் தீங்கற்றவை. முன்கையில் இலேசாக இடித்தாலே பரவும் ஊதாநிறத் திட்டுகளும் மெலிந்த இரத்தக் குழாய்கள் கசிவதால் வருபவையே. இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்போருக்கு இவை மிகுதியாக வரும். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் போதும்.

இவற்றுக்காக யாரும் வெண்மை தரும் களிம்புகளைத் தேட வேண்டியதில்லை. கால்களில் உள்ள வெண்புள்ளிகளைக் கண்டு தொழுநோய் என அஞ்சி, அப்பாவின் தட்டையும் குவளையையும் தனியே வைக்கும் கொடுமையும் வேண்டியதில்லை. தொழுநோய்த் தேமல் நிறம் மங்கிப் படர்ந்திருக்கும், தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். அப்படி இருந்தாலும் கலங்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நோயும் முற்றாகக் குணமாகிறது.

எது நோய்?

முதியோரின் தோல் தொல்லைகளில் முதன்மையானது வறட்சியால் வரும் அரிப்பு. முழங்காலுக்குக் கீழும் முன்கைகளிலும் தோல் செதிள் செதிளாக வெடித்திருக்கும். இது எளிதில் தணியக்கூடியது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். நாள்தோறும் உடம்பு முழுவதும் சோப்பு தேய்க்க வேண்டாம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்ப்பதும், குளிக்கும் நீரில் கிருமிநாசினி ஊற்றுவதும் நிலைமையை மோசமாக்கும். குளித்து முடித்து உடம்பை ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் உலர்வதற்குள் தேங்காய் எண்ணெயோ, வாசனையற்ற ஈரப்பதக் களிம்போ, பெட்ரோலியம் ஜெல்லியோ பூச வேண்டும். உள்ளங்காலில் பூசியவுடன் நடக்க விட வேண்டாம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது பெருந்துன்பம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டொரு வாரங்களில் அரிப்பு தணியவில்லையானால் அதை வறட்சி என்று ஒதுக்கக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறும், இரும்புச்சத்துக் குறைவும், உண்ணும் மருந்துகளும் தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமலே அரிப்பைத் தரக்கூடும். அரிப்புடன் பெரிய பெரிய நீர்க்கொப்புளங்கள் எழுந்தால் உடனே தோல் மருத்துவரைக் காண வேண்டும். இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் சிறு பருக்கள் தோன்றி, வீட்டில் இன்னும் ஒருவருக்கும் அரிக்கிறது என்றால் அது பெரும்பாலும் சொறி. பேரப்பிள்ளைகள் முதல் பெரியவர் வரை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசி, துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்தாலன்றி அது வீட்டை விட்டுப் போகாது.

அரிப்பெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்போர் உண்டு. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது என்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இரு பெரும் தோழர்களுக்கும் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டாடை அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. ஒரு விலக்கையே தளர்த்தும் அளவுக்கு அரிப்பின் வேதனையை மார்க்கம் மதித்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவரின் அரிப்புக்கு நாம் ஒரு மருத்துவரையேனும் காட்டலாம் அல்லவா?

அடுத்தது அக்கி. சிறுவயதில் வந்த அம்மையின் கிருமி நரம்புகளில் பல்லாண்டுகள் ஒடுங்கிக் கிடந்து, முதுமையில் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் கொப்புளங்களாக வெளிப்படும். கொப்புளம் எழும் முன்பே எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும். நம் ஊர்களில் காவிக் குழம்பால் அக்கி எழுதி, ஆறும்வரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் உண்டு. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் கிருமியை ஒடுக்கும் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். காவி எழுதிக் காத்திருக்கும் நாட்களில் அந்த வாய்ப்பு கைநழுவுகிறது. கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், அந்த இடத்தில் நரம்புவலி நீடிக்கும். நெற்றியிலோ மூக்கிலோ கண்ணருகிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து, ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 50 வயதைக் கடந்தோருக்கு இதற்கான தடுப்பூசியும் இப்போது கிடைக்கிறது.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சில வாரங்களாகியும் ஆறாத புண், உருவும் நிறமும் மாறிக்கொண்டே வரும் மச்சம், உள்ளங்காலிலோ நகத்தினடியிலோ புதிதாகத் தோன்றிய கருமை ஆகியன புற்றுநோயாக இருக்கக்கூடும். வலிக்கவில்லை என்பதற்காக இவற்றை விட்டுவிடக் கூடாது. படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் அரிப்பு நின்றாற்போல் தோன்றும், பின்னர் படை இரட்டிப்பாகப் படரும், மெலிந்த தோல் மேலும் மெலியும். தலைக்கும் தாடிக்கும் பூசும் கருஞ்சாயங்களிலும், கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவதிலும் உள்ள வேதிப்பொருள் சிலருக்குக் கடும் கொப்புளத்தை உண்டாக்கும். கலப்பற்ற மருதாணி இலைச் சாயமே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது.

உளூவும் தோலும்

முதியவர்களின் தோல் தொல்லை வணக்கத்தோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. ஐவேளை உளூவின் நீர் படும் கைகளும் கால்களும்தான் மிகுதியாக வறள்பவை. இதில் நம் பெரியவர்கள் பலர் மார்க்கத்தில் இல்லாத கடினத்தைத் தம்மீது ஏற்றிக்கொள்கிறார்கள். மார்கழிப் பனியில் குளிர்ந்த நீரில்தான் உளூச் செய்ய வேண்டும் என எண்ணுகிறார்கள். மிகுந்த குளிர்ச்சியும் மிகுந்த சூடும் உள்ள நீரைப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்றே ஷாஃபி ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. சுத்தமாகவில்லையோ என்ற ஊசலாட்டத்தில் சிலர் ஐந்து முறை, ஆறு முறை கழுவுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் உளூவுக்குப் பயன்படுத்தியது ஒரு முத்து நீர், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. மூன்று முறைக்கு மேல் கழுவுவதை அவர்கள் வரம்பு மீறலாகக் கண்டித்தார்கள். சிறுநீரை அடக்க இயலாத முதியவர் உடை மாற்றி மாற்றிச் சோப்பிட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அத்தகையவருக்கு ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஓர் உளூ என்னும் சலுகை நம் சட்ட நூல்களில் விரிவாகவே உண்டு.

களிம்பு பூசினால் உளூக் கூடாதே என்ற அச்சமும் பலரிடம் இருக்கிறது. நீர் தோலில் படுவதைத் தடுக்கும் கெட்டியான படலத்தைத்தான் உளூவுக்கு முன் துடைத்தெடுக்க வேண்டும். தோலில் ஊறிய எண்ணெயின் மினுமினுப்பு தடையன்று. இஷா தொழுத பின் நன்றாகப் பூசிவிட்டு உறங்கினால் ஃபஜ்ருக்குள் அது ஊறிவிடும். நோன்பு காலத்திலும் பூசலாம், தோலின்மேல் பூசும் மருந்தால் நோன்பு முறியாது.

புண்ணில் நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் இருக்கிறது, கட்டின்மேல் மஸ்ஹு செய்வதும் இருக்கிறது. இவற்றைச் செய்யும் முறையில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டாதலால் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம். ஆனால் கேட்காமலே இருந்துவிடக் கூடாது. பயணத்தில் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. சலுகை ஏதும் இல்லை என்று உடனிருந்தோர் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள், அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். அபூதாவூதில் வரும் இந்நிகழ்ச்சியைப் படித்த பின்னும், கால்புண் உள்ள பெரியவரிடம் "நீர் ஊற்றினால்தான் கூடும்" என்று சொல்ல யாருக்கு நா எழும்?

உளூ சுமையாக வேண்டியதில்லை, காவலாகவும் ஆகக்கூடும். கால்விரல்களைக் கோதிக் கழுவுவது ஸுன்னத். நீரிழிவு உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுவதால் முள் குத்தினாலும் தெரியாது, சுடுநீர் பட்டாலும் தெரியாது, வெயிலில் காய்ந்த பள்ளிவாசல் முற்றத்தில் நடந்து உள்ளங்கால் வெந்தாலும் தெரியாது. விரல்களைக் கோதும்போதே புண்ணோ வெடிப்போ உண்டா என்று பார்த்துக்கொண்டால் நாளுக்கு ஐந்து முறை பாதம் பரிசோதிக்கப்படுகிறது. கழுவிய பின் விரலிடுக்கைத் துண்டால் ஒற்றி உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு செருப்பையோ காலுறையையோ மாட்டுவதால்தான் சேற்றுப்புண் வருகிறது. அந்தச் சிறு வெடிப்பின் வழியே கிருமி புகுந்து கால் முழுதும் வீங்கிவிடுவதும் உண்டு. நெடுநாள் தொழுகையால் கரண்டையிலும் முழங்காலிலும் காய்த்துப்போன தோலையும் இவ்வாறே பார்த்துவர வேண்டும். அது வெடித்தால் தடித்த முஸல்லா விரிக்கலாம், முடியாதபோது நாற்காலியில் அமர்ந்து தொழலாம்.

வெட்கம் காக்கும் புண்கள்

நம் தாய்மார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மார்பின் அடியிலும் தொடையிடுக்கிலும் வியர்வையால் வெந்து புண்ணானதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் அந்த வெட்கம் மருத்துவத்தைத் தடுப்பதற்காக அருளப்பட்டதன்று. பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்லலாம். கிடைக்காதபோது, மஹ்ரமானவர் உடனிருக்க, தேவையான இடத்தைத் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கும் நம் ஃபிக்ஹில் இடமுண்டு. மகள்களும் மருமகள்களும் தாமாகவே, கனிவாக, ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டும்.

படுக்கையில் விழுந்துவிட்டவர்களின் நிலை இன்னும் கடினமானது. இடுப்பெலும்பின் பின்புறம், புட்டம், குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கும் தோலுக்கு இரத்தம் செல்வதில்லை. சில மணி நேரமே போதும், புண்ணுக்கு வித்து விழுந்துவிடும். அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு முதல் அறிகுறி. நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது, கருநீலமாகவோ, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பது, ஈரத்தை உடனுக்குடன் துடைத்து உலர்த்துவது, காற்றுப் படுக்கை வாங்கிப் போடுவது, முட்டையோ பருப்போ மீனோ கொடுத்து உடலைத் தேற்றுவது ஆகியவையே காப்பு. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, காகிதம்போல் தோல் கிழிந்துவிடும். விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்க வேண்டும்.

ஜனாஸா குளிப்பாட்டச் செல்வோருக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. மய்யித்தைப் பக்கவாட்டில் சாய்த்து முதுகில் நீர் ஊற்றும்போதுதான், உள்ளங்கை அகலத்துக்கு ஆழ்ந்த புண்ணைச் சில பிள்ளைகள் முதன்முதலாகக் காண்கிறார்கள். மய்யித்திடம் கண்ட குறையை மறைப்பது குளிப்பாட்டுவோரின் கடமை. ஆகவே யாருடைய வாப்பா, எந்த ஊர் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் புண் ஒரே நாளில் வந்ததன்று. பல வாரங்கள் அந்த முதுகை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள். உயிரற்ற உடலைப் பன்னீரும் கற்பூரமும் இட்டு மென்மையாகத் தடவும் நம் கைகள், உயிரோடு இருந்தபோது எண்ணெய் தடவ எங்கே போயின?

கடமை யாருடையது?

பெற்றோர் முதுமை எய்திவிட்டால் அவர்களைச் சலித்து ஒரு சிறு சொல்லும் சொல்லக்கூடாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அக்கட்டளை பிள்ளைகளை நோக்கியது. நம் வழக்கத்திலோ மாமியாரின் பாதத்தையும் மாமனாரின் முதுகையும் கவனிப்பது மருமகளின் வேலையாகிவிட்டது. மருமகள் செய்தால் அது அவளுடைய இஹ்ஸான், அதற்கு அல்லாஹ்விடம் பெரும் கூலி உண்டு. ஆனால் கடமை மகனுடையது. வாப்பாவின் முதுகில் களிம்பு பூசும் வேலையை ஊரிலிருக்கும் மகன் மனைவியிடம் தள்ளிவிடக் கூடாது. வளைகுடாவில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நலம் என்று முடிவுகட்டக் கூடாது. உம்மாவின் பாதத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும், ஓர் ஆள் வைத்துக் கவனிக்கப் பணம் அனுப்பட்டும்.

ஜமாஅத்துகளும் எளிதில் செய்யக்கூடியவை உண்டு. பள்ளிவாசலின் ஹவுளருகே முதியோர் அமர்ந்து உளூச் செய்ய ஓர் இருக்கையும், குளிர்காலத்தில் இளஞ்சூடான நீரும், கால் துடைக்கத் தனித்தனித் துண்டுகளும் வைக்கலாம். வெயிலில் முற்றத்துக்குப் பாய் விரிக்கலாம். பைத்துல் மாலிலிருந்து இரண்டு காற்றுப் படுக்கைகள் வாங்கி, தேவைப்படும் வீடுகளுக்கு மாறி மாறிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போரை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஏற்பாடும் உண்டு. அந்த விவரத்தை ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்பாகச் சொன்னாலே சில வீடுகளுக்கு விடிவு பிறக்கும்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குவோம். வாப்பாவின் காலையும் உம்மாவின் கையையும் விளக்கொளியில் பார்ப்போம். அரிக்கிறதா, எரிகிறதா, எங்கேனும் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்போம். முதுமை என்று கண்டால் மனநிறைவோடு விட்டுவிடுவோம், நோய் என்று கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நாம் குழந்தையாக இருந்தபோது நம் தோலில் ஒரு கொசுக்கடியைக் கண்டாலும் பதறியவர்கள் அவர்கள்.

யா அல்லாஹ்! சிறுவயதில் எங்களை வளர்த்தெடுத்த எங்கள் பெற்றோருக்கு நீ கருணை புரிவாயாக! அவர்களின் இறுதி நாட்களை வேதனையின்றி ஆக்குவாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளை எங்களுக்கு ஈந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.